ஜவ்வாது மலை முதல் ஒரகடம் வரை: சரக்கு ஏற்றுமிடத்தில் உயிர்ப் பாதுகாப்பு

மாசி, பங்குனியில் புளி உலுக்கும் பருவம் வந்துவிட்டால் ஜவ்வாது மலையில் சரக்கு வண்டிகளின் நடமாட்டம் கூடிவிடும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கமும், புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் பக்கமும், காவலூர் வழியாக ஆலங்காயம் பக்கமும் மூட்டைகள் இறங்கும். சாமை, கேழ்வரகு, கடுக்காய், பலா என்று மலையில் விளைவது எதுவானாலும் ஒரு வண்டியின் பின்கதவு வழியாகத்தான் சமவெளிக்குப் போயாக வேண்டும். ரேஷன் அரிசியும் உரமும் சிமெண்டும் மேலே வருவதும் அதே வழியில்தான். ஒவ்வொரு மூட்டையையும் யாரோ ஒருவர் ஏற்றுகிறார், யாரோ ஒருவர் இறக்குகிறார்.

அவர் வேலை செய்யும் அந்தப் பத்தடி இடம் நம் பாதுகாப்புப் பேச்சில் வருவதே இல்லை. சாலையில் ஓடும் லாரியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கிடங்கு வாசலில் நிற்கும் லாரியைப் பற்றிப் பேசுவதில்லை. நிற்கிற வண்டி யாரை என்ன செய்துவிடும் என்ற எண்ணம் நமக்கு. விபத்துக் கணக்குகளும் இதற்குத் துணைபோகின்றன. சாலை விபத்துப் புள்ளிவிவரம் பொதுவழியில் நடந்ததை எண்ணுகிறது. தொழிற்சாலை விபத்துப் புள்ளிவிவரம் பதிவு பெற்ற ஆலைகளுக்குள் நடந்ததை எண்ணுகிறது. மண்டி வாசலிலும் ரேஷன் கிடங்கின் முற்றத்திலும் ஒருவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கினால், அந்தச் சாவு இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

சரக்கு ஏற்றுமிடத்தில் உயிர்கள் எப்படிப் போகின்றன, அவற்றைக் காக்க உலகம் கண்ட வழிகள் என்ன, நம் சட்டம் எதுவரை வருகிறது, மலைப்பகுதிக்கு மட்டும் உரிய சிக்கல்கள் யாவை என்ற நான்கு கேள்விகளையும் இக்கட்டுரை பார்க்கிறது.

உயிர் போகும் வழிகள்

முதலாவது, பின்னோக்கி வரும் வண்டி. லாரி ரிவர்ஸில் மெதுவாகத்தானே வருகிறது என்று தோன்றும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி இருந்தால், அது மூடிக்கொள்ள இரண்டு விநாடி போதும். பாடி உயரமான லாரியின் ஓட்டுநருக்கு வண்டியின் நேர் பின்புறம் தெரியாது. பக்கக் கண்ணாடியில் இரு ஓரங்கள் மட்டுமே தெரியும். தலையில் சும்மாடு வைத்து 50 கிலோ மூட்டை சுமப்பவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. அவர் பார்ப்பது காலடியில் இருக்கும் பலகையை மட்டும்தான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இருவர் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள். பணியிடங்களில் வண்டிகளால் நேரும் சாவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வண்டி பின்னோக்கி வரும்போது நேர்கிறது என்று பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது.

இரண்டாவது, நின்ற வண்டி தானாக உருள்வது. மூன்றாவது, ஏற்றி முடிவதற்குள் வண்டி கிளம்பிவிடுவது. பின்னால் யாரோ பாடியைத் தட்டிய சத்தத்தை ‘ரைட்’ என்று எடுத்துக்கொண்டு ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டால், பலகையில் கால் வைத்தவர் கீழே விழுவார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் வட்டாரங்களின் பெரிய கிடங்குகளில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. அங்கே ஃபோர்க்லிஃப்ட் வண்டி மேடையிலிருந்து நேரே லாரிக்குள் ஓடும். ஒவ்வொரு முறை உள்ளே புகுந்து பிரேக் போடும்போதும் லாரியைக் கொஞ்சம் முன்னே தள்ளும். இருபது முப்பது தடவையில் மேடைக்கும் லாரிக்கும் இடையே பள்ளம் விழுந்துவிடும். அடுத்த முறை வரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரோடு அதில் கவிழும். அமெரிக்காவில் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பான விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர் இறப்பதாகவும் 20,000 பேர் படுகாயமடைவதாகவும் அந்நாட்டின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

நான்காவது, உயரத்திலிருந்து விழுவது. சரக்கு ஏறிய பிறகு அடுக்கின் மேலே நின்று தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டுபவர், கயிறு அறுந்தாலோ முடிச்சு நழுவினாலோ பத்துப் பன்னிரண்டு அடியிலிருந்து மல்லாந்து விழுகிறார். பின்கதவின் கொக்கியைக் கழற்றியதும் உள்ளே சாய்ந்திருந்த மூட்டைகள் மேலே சரிந்து விழுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஐந்தாவதைப் பாதுகாப்புக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. நம் நாட்டில் அதைப் பேசியே ஆக வேண்டும். உச்சி வெயிலில் முற்றத்தில் நிழல் இருக்கும் ஒரே இடம் லாரியின் அடிப்பகுதி. கிளீனரும் லோடுமேனும் துண்டை விரித்து அங்கே கண்ணயர்கிறார்கள். வண்டியை எடுக்க வந்தவருக்கு அடியில் ஆள் இருப்பது தெரியாது. இந்தச் சாவுக்குத் தூங்கியவரின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது கொடுமை. படுக்க ஓர் இடம் இல்லாததே காரணம்.

சரிவின் கணக்கு

சமவெளிக் கிடங்கில் வண்டி உருள்வது அரிய நிகழ்ச்சி. மலையில் அது எப்போதும் உடனிருக்கும் ஆபத்து. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலையில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. மூட்டை ஏற்ற மேடை இருக்காது. களத்து மேட்டின் ஓரத்தில், சாலை வளைவின் அகலமான இடத்தில், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஏற்றுவார்கள். அந்த இடங்களில் பலவும் சரிவானவை.

ஒரு சிறிய பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டி 1,500 கிலோ என்று வைத்தால், பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார், வண்டி நிற்கிறது. மூட்டைகள் ஏறி மொத்த எடை 3,000 கிலோ ஆகும்போது இழுவிசை 300 கிலோவாகிவிடுகிறது. வெறும் வண்டியைத் தாங்கும் அளவுக்கு இழுத்த அதே பிரேக்தான் இரண்டு மடங்கு விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது. கேபிள் தளர்ந்த பழைய வண்டியாக இருந்தால், கடைசி நாலைந்து மூட்டைகள் ஏறும்போது வண்டி நகரும். அந்த நேரத்தில் பின்னால் ஆள் நிற்பார். தோள் கொடுத்துத் தடுக்கவும் பார்ப்பார். 300 கிலோவை எந்த மனிதரின் தோளும் தாங்காது.

இது தற்செயலாக நடப்பதல்ல, முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது. ஆகவே தடுக்கவும் கூடியது.

ஏற்றி முடித்ததும் இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. மூட்டையை இறக்கவும் ஆள் வேண்டும் என்பதால் ஏற்றியவர்களே மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து மலையிறங்குகிறார்கள். பேருந்து குறைவான மலையில் மூட்டைக்கும் மனிதருக்கும் ஒரே வண்டி என்பது வழக்கமாகிவிட்டது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில், புதூர்நாடு பக்கம் சேம்பரை மலைக்கோயிலுக்குப் புலியூர் மக்கள் சென்ற வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அது கோயில் பயணம், சரக்கு வேலை அன்று. ஆனாலும் கிடைத்த வண்டியில் நெருக்கி ஏறிக்கொண்டு கொண்டைஊசி வளைவுகளைக் கடப்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலை இரண்டுக்கும் பொதுவானது.

தீர்வுகள் புதியவை அல்ல

இந்த ஆபத்துகளுக்கு உலகம் எப்போதோ விடை கண்டுவிட்டது. அவற்றில் மிக எளியது சக்கரத்துக்குக் கட்டை போடுவது. ஃபோர்க்லிஃப்ட் ஏறும் லாரிக்குப் பிரேக் போட்டிருக்க வேண்டும், பின்சக்கரங்களுக்கு அடியில் கட்டையும் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் விதி. நமக்கு இது வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய அறிவில்லை. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது மாடவீதியில் வரும் மகாரதத்தை, சக்கரத்துக்குக் கட்டை போட்டுத்தான் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். அத்தனை பெரிய தேரையே நிறுத்தும் ஒரு மரக்கட்டை, மலைச்சரிவில் நிற்கும் பிக்கப் வண்டியையும் நிறுத்தும். கையில் கிடைத்த கல்லை வைப்பது போதாது. கல் உருளும், உடையும், டயருக்கடியில் சறுக்கும். ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டைகள், பள்ளப் பக்கத்தில், இரண்டு பின்சக்கரங்களுக்கும் வேண்டும்.

இரண்டாவது, சாவியைக் கைமாற்றுவது. வண்டி நின்றதும் ஓட்டுநர் சாவியைக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஏற்றுவது முடிந்து, பின்கதவு மூடி, எல்லாரும் விலகி, வண்டிக்கு அடியிலும் பார்த்த பிறகே சாவி திரும்பக் கைக்கு வரும். பாடியைத் தட்டிய சத்தத்தை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள இதில் இடமே இல்லை. பெரிய கிடங்குகளில் இதே வேலையைச் சிவப்பு, பச்சை விளக்குகளும், லாரியின் பின்புறக் கம்பியைக் கொக்கியால் பிடித்துக்கொள்ளும் பூட்டுக் கருவிகளும் செய்கின்றன.

மூன்றாவது, ஒரே குரல். வண்டி பின்னால் வரும்போது ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து “வா, வா” என்று கத்துவது நம் வழக்கம். ஓட்டுநருக்கு எந்தக் குரலைக் கேட்பது என்று தெரியாது. ஒருவர் மட்டுமே வழிகாட்ட வேண்டும். அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வண்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நின்று அவர் கைகாட்டக் கூடாது. இறப்பவர்களில் வழிகாட்டியவர்களும் உண்டு என்பதால் பிரிட்டனில் இதற்கென்று பயிற்சி பெற்றவரையே நிறுத்தச் சொல்கிறார்கள். அதைவிட நல்லது பின்னோக்கி வரும் தேவையையே குறைப்பது என்றும் சொல்கிறார்கள். முற்றத்தின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறும்படி ஒருவழிப் பாதை அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான்காவது, இடத்தைப் பிரிப்பது. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பாடியையும் கணக்கிட்டு, சுவருக்குப் போதிய தூரம் முன்னால் தரையில் ஒரு கான்கிரீட் திண்டு கட்டினால் சக்கரம் அதைத் தாண்டி வராது. சுவரோடு நசுங்குவது என்ற ஆபத்தே இல்லாமல் போகும். ஆட்கள் நடக்கத் தனிப் பாதையும், ஓட்டுநரும் லோடுமேனும் உட்காரக் கூரை போட்ட கொட்டகையும், குடிநீரும், கழிப்பறையும் இருந்தால் வண்டிக்கடியில் யாரும் படுக்க மாட்டார்கள்.

தலைக்கவசம், ஒளிரும் மேலுடை, காலணி ஆகியவை வேண்டியவைதான். ஆனால் பாதுகாப்பு வல்லுநர்கள் அவற்றைக் கடைசிப் படியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பத்து டன் லாரி சுவரில் அழுத்தும்போது தலைக்கவசத்தால் ஆவதொன்றுமில்லை. நம்மூரில் பாதுகாப்பு வாரம் வந்தால் மேலுடை கொடுத்துப் படமெடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆபத்தை அதன் இடத்திலேயே அகற்றாமல் தொழிலாளியின் உடம்பில் கவசம் மாட்டுவது, பொறுப்பை அவர் தலையில் ஏற்றுவதுதான்.

சட்டம் எதுவரை வருகிறது

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 126-இல், ஓட்டுநர் இல்லாத நேரத்தில் தானாக நகர முடியாதபடி எஞ்சினை அணைத்துப் பிரேக் போட்டிருந்தால் ஒழிய வண்டியைப் பொது இடத்தில் விட்டுப் போகக் கூடாது என்கிறது. 1986-இல் வந்த கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் சென்னை, தூத்துக்குடி போன்ற துறைமுகங்களில் சரக்கு கையாளுபவர்களுக்கு விரிவான காப்பு தந்தது. ஆனால் அது துறைமுகத்தோடு நின்றது. அதே மூட்டை லாரியேறி உள்நாட்டுக் கிடங்குக்கு வந்ததும் அந்தக் காப்பு உடன் வரவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் வேலை செய்யும் ஆலைகளைத் தொட்டது.

இவற்றில் கப்பல்துறைச் சட்டத்தையும் தொழிற்சாலைச் சட்டத்தையும் உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும், காயம் விளைவிக்கும் ஆபத்து இல்லாத பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. கிடங்குகளும் இதற்குள் வருவது முன்னேற்றம்தான். அதே சட்டம் தொழிற்சாலை என்பதற்கான அளவை 20, 40 என்று உயர்த்தியதும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த 50 பேர் வேண்டும் என்றதும் பின்னடைவு. மண்டியில் ஆறு பேர், மலைக்களத்தில் நான்கு பேர் கொண்ட குழு எந்த எண்ணிலும் அடங்காது.

மகாராஷ்டிரம் 1969-இலும் கேரளம் 1978-இலும் சுமைத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, வாரியத்தில் பதிவையும் கூலி ஒழுங்கையும் ஏற்படுத்தின. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1999-இல் அமைந்த நலவாரியமும் இருக்கின்றன. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று வாரியம் செய்வது பெரிய காரியம். ஆனால் அது சாவுக்குப் பின் வரும் பணம். சாவுக்கு முன் முற்றத்தைப் பார்வையிட்டு, கட்டை எங்கே, கொட்டகை எங்கே என்று கேட்கும் அதிகாரியும் வேண்டும்.

காப்பீட்டிலும் ஓட்டை இருக்கிறது. சரக்கு வண்டியில் ஏறிச் செல்லும் பயணிக்கு இழப்பீடு தரும் கட்டாயம் காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-இலும், பல்ஜித் கௌர் வழக்கில் 2004-இலும் தீர்ப்பளித்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ வண்டியில் வந்தால் காப்பு உண்டு. மூட்டை மேல் உட்கார்ந்து வரும் கூலி ஆள் யாருடைய ஆள் என்பதற்கு எழுத்து இல்லாவிட்டால், அவர் குடும்பம் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியதுதான்.

விபத்து நடந்ததும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு பெரும்பாலும் ஓட்டுநர் மீதே பதிவாகிறது. வெளிச்சம் இல்லாத முற்றத்தை வைத்திருந்தவர், ஒருவழிப் பாதை அமைக்காதவர், இரவோடு இரவாக ஏற்றியாக வேண்டும் என்று நெருக்கியவர் ஆகியோர் சாட்சிகளாகக்கூட வருவதில்லை.

அவசரத்தின் விலை

இத்தனை எளிய வழிகள் இருந்தும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை? கூலி முறையில் விடை இருக்கிறது. லோடுமேனுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. ஓட்டுநருக்கு நடைக் கணக்கில் கூலி. கட்டை வைக்கும் இரண்டு நிமிடத்துக்கும், வழிகாட்டி வரும்வரை காத்திருக்கும் ஐந்து நிமிடத்துக்கும் யாரும் காசு தருவதில்லை. பாதுகாப்பாக நடந்துகொள்பவருக்குக் கூலி குறைகிறது. இப்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் கவனமாக இருப்பதில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஆகும்வரை எந்த விதியும் சுவரொட்டியாகவே இருக்கும்.

செலவு ஒரு தடையே இல்லை. ஒரு ஜோடி மரக்கட்டைக்கு ஆகும் செலவு ஒரு மூட்டைப் புளியின் விலையில் சிறு பகுதி. சாவியை மாட்ட ஓர் ஆணி போதும். கான்கிரீட் திண்டு ஒரு கொத்தனாரின் ஒருநாள் வேலை.

செய்ய வேண்டியவை

பொறுப்பு இடத்தின் சொந்தக்காரருடையது என்பதைச் சட்டமும் காவல் துறையும் ஏற்க வேண்டும். ஏற்றும் இடத்தில் ஒருவர் இறந்தால், ஓட்டுநரை மட்டும் விசாரிக்காமல், அந்த இடம் எப்படி இருந்தது என்பதும் விசாரணையில் இடம்பெற வேண்டும்.

அரசு தன் வீட்டிலிருந்து தொடங்கலாம். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகள், நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள், மாநிலச் சேமிப்புக் கிடங்கு நிறுவனம், மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் அரசின் கைக்குள் இருப்பவை. போக்குவரத்து ஒப்பந்தத்தில் கட்டை, சாவி, ஒற்றை வழிகாட்டி ஆகிய மூன்றையும் நிபந்தனையாக எழுதிவிட்டால், அரசுச் சரக்கு ஓட்டும் லாரிகளெல்லாம் ஒரே ஆண்டில் பழகிவிடும். பழகிய ஓட்டுநர்கள் தனியார் மண்டிக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுபோவார்கள்.

ஜவ்வாது மலைக்கென்று தனியே மூன்று தேவைகள் உண்டு. சாமையும் புளியும் சேரும் ஊர்களில், சமமாக்கிய தரையும் லாரி உயரத்துக்கு ஒரு மேடையும் கொண்ட பொது ஏற்றுமிடம் வேண்டும். ஊரக வேலைத் திட்டங்களில் இதைக் கட்ட முடியும். அறுவடைப் பருவத்தில் தொழிலாளர்கள் மூட்டை மேல் ஏறாமல் இறங்கிவர, கூடுதல் பேருந்து வேண்டும். மலையில் சுமை தூக்குபவர் ஒவ்வொருவரையும் அவர் ஊருக்கே வந்து நலவாரியத்தில் பதிய வேண்டும். பதிவுக்காக ஒருநாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்கு அவர்களை அலைய வைக்கக் கூடாது. வேலை தேடி மலையிறங்கி ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் போகும் இளைஞர்களோடு அந்தப் பதிவும் கூடவே போகும்.

மண்டி நடத்துபவர்களுக்கும், கடை வைத்திருப்பவர்களுக்கும், வீட்டுக்கு ஒரு லோடு செங்கல் இறக்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாசலில் அடுத்த வண்டி வந்து நிற்கும்போது, சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்றா என்று கேளுங்கள். வைக்கும்வரை ஒரு மூட்டையையும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.